காவலுக்கு வந்த துப்பாக்கி, வழியில் நின்ற உயிர்

1974 ஆகஸ்ட் 15, சியோல் தேசிய அரங்கம். தென்கொரியாவின் விடுதலை நாள் விழா. அதிபர் பார்க் சுங்-ஹீ உரையைப் படித்துக்கொண்டிருக்கிறார். மேடையிலேயே அவருடைய மனைவி யுக் யங்-சூவும் அமர்ந்திருக்கிறார். அரங்கின் பின்பக்கத்திலிருந்து ஓர் இளைஞன் எழுந்து, இருக்கைகளுக்கு நடுவே மேடையை நோக்கி ஓடிவருகிறான். கையில் துப்பாக்கி. அதிபர் மேசைக்குப் பின்னால் குனிந்துகொள்கிறார். அவருக்கு வைத்த குறி தப்பி, தோட்டா மனைவியின் தலையில் பாய்கிறது. அன்று மாலையே அவர் இறந்துபோனார்.

இந்தச் சாவைப் பலரும் அறிவார்கள். அதே நிமிடத்தில் அங்கே இன்னொரு சாவும் நடந்தது. மெய்க்காப்பாளர் ஒருவர் திருப்பிச் சுட்டார். தோட்டா கொலையாளிமேல் படவில்லை. சுவரில் பட்டுத் தெறித்து, விழாவில் பாட வந்திருந்த பள்ளி மாணவி ஒருத்தியின் உயிரைக் குடித்தது. கொலையாளியை வீழ்த்தியதோ ஒரு பார்வையாளரின் கால். அவர் உட்கார்ந்தபடியே காலை நீட்டினார், ஓடிவந்தவன் இடறி விழுந்தான், காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள். அடிபட்டவர்களைத் தூக்கிச் சென்ற பிறகு அதிபர் எழுந்து, விட்ட இடத்திலிருந்து உரையைத் தொடர்ந்து படித்து முடித்தார்.

அந்த மாணவியைக் கொன்றவர் கெட்டவர் இல்லை. தன் கடமையைத்தான் செய்தார். எனக்கு உறுத்துவதும் அதுதான். கடமையைச் செய்கிற ஒருவரின் கையால் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் சாகிறாள் என்றால், கடமை என்று நாம் எழுதிக்கொடுத்ததில்தான் எங்கோ பிழை இருக்கிறது. ஒருவரைக் காக்கச் சொல்லி இன்னொருவரிடம் துப்பாக்கியைக் கொடுக்கும்போது, எந்தக் கட்டளையோடு கொடுப்பது? உலகம் இதுவரை கையாண்டு பார்த்த வழிகளை நான்காகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் யாருடைய உயிர் பணயம் வைக்கப்படுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்க்கிறேன்.

முதல் வழி, முந்திச் சுடுவது. சந்தேகம் வந்தால் போதும், காத்திருக்காதே, நெருங்குகிறவனை நிறுத்து. இந்த வழி முழு வளர்ச்சி பெற்ற இடம் 2003-க்குப் பிறகான பாக்தாத். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளின் காவலைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. அவற்றில் பெரிய பெயர் பிளாக்வாட்டர். அங்கே கார் வெடிகுண்டு அன்றாடச் செய்தி. அதை மறந்துவிட்டு அந்தக் காவலர்களைப் பழிப்பது நேர்மையாகாது. பின்னால் வேகமாக வருகிற கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறதா, வெடிக்கப் போகிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. கையைக் காட்டுவார்கள், தண்ணீர்ப் புட்டியை எறிவார்கள், எச்சரிக்கையாக ஒரு சூடு, பிறகு இன்ஜினில், பிறகு ஓட்டுநர்மேல். காகிதத்தில் படிப்படியாகத்தான் இருந்தது. தெருவில் அந்தப் படிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்துவிட்டன. 2007 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று வெளியிட்ட கணக்கின்படி, 2005 தொடக்கத்திலிருந்து பிளாக்வாட்டர் ஆட்கள் சுட்ட நிகழ்வுகள் 195. அவற்றில் 163-இல் முதலில் சுட்டவர்கள் அவர்களே.

அந்தக் குழுவின் முன் நிறுவனத்தின் தலைவர் எரிக் பிரின்ஸ் சொன்ன வாதத்தை நான் மறக்கவில்லை. எங்கள் காவலில் இருந்த ஒருவர்கூடச் சாகவில்லை என்றார். அது உண்மைதான். ஆனால் எவ்வளவு கொடுமையான உண்மை! ஒரு தட்டை மட்டும் வைத்து நிறுத்துப் பார்த்த தராசு அது. மறுதட்டில் கிடந்தவர்களை எண்ண வேண்டும் என்று அந்தத் தொழிலுக்குள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுதட்டில் என்ன இருந்தது என்பது 2007 செப்டம்பர் 16 நண்பகலில் பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில் தெரிந்தது. நகரின் வேறோர் இடத்தில் ஒரு கூட்டத்தில் இருந்த அமெரிக்க அதிகாரி ஒருவருக்கு அருகே குண்டு வெடித்தது. அவரை வேறொரு காவல் குழு அழைத்துக்கொண்டு கிளம்பியது. பிளாக்வாட்டரின் ரேவன் 23 என்ற குழு, தன் கட்டளை மையத்தின் பேச்சையும் கேட்காமல், நான்கு கவச வண்டிகளில் 19 பேரோடு போய்ச் சதுக்கத்தை அடைத்து நின்றது. வெள்ளை நிறக் கியா கார் ஒன்று மற்ற வண்டிகளோடு நின்றிருந்தது. ஓட்டியவர் மருத்துவம் படிக்கும் இளைஞர். பக்கத்தில் அவருடைய தாய், அவரும் மருத்துவர். முதல் தோட்டா இளைஞரைக் கொன்றது. ஓட்ட ஆளில்லாத கார் தானாக மெல்ல முன்னால் உருண்டது. அந்த உருளல் போதுமானதாக இருந்தது. ‘நிறுத்தவில்லை, தாக்க வருகிறது’ என்று கொள்ளப்பட்டது. மகனை விட்டு நகராத தாயும் அதே காரில் இறந்தார். பிறகு இயந்திரத் துப்பாக்கிகளும் துப்பாக்கியால் ஏவிய எறிகுண்டுகளும் திரும்பிச் செல்ல முயன்ற வண்டிகளையும் துரத்தின. இறந்தவர்கள் 17 பேர். அவர்களில் தந்தையின் காரில் பின்னால் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பையனும் ஒருவன். 14 பேரைச் சுட்டதற்கு எந்த நியாயமும் இல்லை என்று எஃப்.பி.ஐ. விசாரணை முடிவுக்கு வந்தது.

இதில் ஒரு விவரத்தை வாசகர்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். அந்த நான்கு வண்டிகளில் காக்கப்பட வேண்டிய அதிகாரி யாரும் இல்லை. காவலர்கள் மட்டுமே இருந்தார்கள். முந்திச் சுடும் வழி கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒருவரைக் காக்கக் கொடுத்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் காவலர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் உரிமையாகி, பிறகு வண்டிகளைக் காக்கும் உரிமையாகி, முடிவில் தெருவையே காலி செய்யும் உரிமையாகிவிடுகிறது. நெருங்கக் கூடாது என்ற எச்சரிக்கைப் பலகையைப் படித்தும் நெருங்கியவன் பகைவன்தான் என்பது அங்கே நியாயமாகிவிட்டது. சொந்த ஊரில், தன் வழியே போகிறவன், ஏன் யாரோ ஒருவரின் பாதுகாப்பு விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

இரண்டாவது வழி இதற்கு நேர் எதிர். உடலால் மறை, அள்ளிக்கொண்டு கிளம்பு, சுடுவது உன் முதல் வேலை இல்லை. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஹில்டன் ஓட்டலின் பக்கவாசலில் இதைப் பார்க்கலாம். ஒளிப்படங்களும் வீடியோவும் இன்றும் இருக்கின்றன. ஜான் ஹிங்க்லி என்பவன் அமெரிக்க அதிபர் ரீகனைக் குறிவைத்து, இரண்டு விநாடிகூட முடியாத நேரத்தில் ஆறு முறை சுட்டான். அதிபரைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் அமைப்பின் அதிகாரி டிம் மெக்கார்த்தி என்ன செய்தார் பாருங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் எந்த மனிதனும் குனிவான், சுருங்குவான். அவர் கை கால்களை அகட்டி, தன் உடம்பை எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி நின்றார். வயிற்றில் ஒரு தோட்டாவை வாங்கிக்கொண்டார். ஜெர்ரி பார் என்ற அதிகாரி அதிபர் ரீகனைப் பிடித்துக் காருக்குள் தள்ளினார். கார் வெள்ளை மாளிகைக்குத்தான் கிளம்பியது. வாயில் நுரைத்த ரத்தத்தைக் கண்டதும் பார் அதை மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். ஓர் அதிகாரி குட்டை இயந்திரத் துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டார். அந்தப் படமும் பிரபலம். ஆனால் அவர் விசையை அழுத்தவில்லை. நிருபர்களும் போலீசாரும் வேடிக்கை பார்த்தவர்களும் தோளோடு தோள் நின்ற இடம் அது. காவலர்கள் தரப்பிலிருந்து ஒரு தோட்டாகூடப் போகவில்லை. ஹிங்க்லியை முதலில் அடித்துப் பிடித்தவர்களில் கூட்டத்தில் நின்ற ஒரு சாதாரண மனிதரும் இருந்தார். சியோலில் ஒரு கால். இங்கே ஒரு கை.

இந்த வழியில் பணயம் வைக்கப்படுவது காவலரின் உடல். அவர் தெரிந்தே இந்த வேலைக்கு வந்தவர், பயிற்சி பெற்றவர், சம்பளம் வாங்குகிறவர். இப்படி எழுதும்போது என் கை தயங்காமல் இல்லை. காவலராக வருகிறவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கும் வீட்டில் யாரோ காத்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டில் ஒன்று என்று வந்துவிட்டால், ஒப்புக்கொண்டு வந்தவருக்கு முன்னால் ஒப்புக்கொள்ளாதவரை நிறுத்தக் கூடாது.

இது எப்போதும் பலிக்கிற வழியும் இல்லை. 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பேசிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்த முதல் சூடு அவர்மேல் படவில்லை. இரண்டாவது சூட்டுக்கு முன் ஏறத்தாழ இரண்டரை விநாடி கிடைத்தது. அந்த இரண்டரை விநாடியில் ஒருவரும் அவரைக் கீழே தள்ளவில்லை, யாரும் சரியான நேரத்தில் நடுவே வந்து நிற்கவில்லை. அபே இறந்தார். கொலையாளியைக் காவலர்கள் வெறுங்கையால் மடக்கினார்கள். அந்த ரயில் நிலைய வாசலில் நின்ற பொதுமக்களில் ஒருவர்மீதும் காவலர்களின் தோட்டா படவில்லை. இதைத் தோல்வி என்றுதான் உலகம் எழுதியது. காக்கப்பட வேண்டியவர் செத்தார், ஆகவே தோல்விதான். ஆனால் அங்கே தோற்றது பின்பக்கத்தைப் பார்க்காமல் விட்ட கண்ணும் நகராத கால்களும். சுடவில்லை என்பதற்காக அவர்களைக் குறைசொன்னவர்களோடு நான் சேரமாட்டேன்.

மூன்றாவது, குறிபார்த்துச் சுடும் ஒருவரை மட்டும் அதற்கென்றே உயரத்தில் வைப்பது; மற்ற காவலர்கள் மறைத்து அகற்றும் வேலையைப் பார்ப்பது. 2024 ஜூலை 13 அன்று பென்சில்வேனியாவின் பட்லரில் டிரம்ப்பைச் சுட்டவனைச் சீக்ரெட் சர்வீஸின் குறிபார்ப்பவர் ஒரே தோட்டாவில் வீழ்த்தினார். அந்தத் தோட்டாவால் வேறு யாருக்கும் கீறல் இல்லை. கேட்கச் சுத்தமான கதை. ஆனால் அதற்குள் கொலையாளி எட்டு முறை சுட்டிருந்தான். பார்வையாளர் ஒருவர் இறந்தார், இருவர் படுகாயம் அடைந்தார்கள். மேடையிலிருந்து சுமார் 130 மீட்டரில் இருந்த ஒரு கூரை காவல் இல்லாமல் விடப்பட்டிருந்தது. கூரையில் ஒரு காவலர் ஏறி நின்றிருந்தால் அந்த ஒரு தோட்டாவுக்கும் வேலை இருந்திருக்காது.

குறி என்பதைப் பற்றி இன்னொன்று. பயிற்சி பெற்றவர்கள் சுட்டால் குறி தவறாது என்று நம்புகிறவர்கள் 2012 ஆகஸ்ட் 24 அன்று நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு முன்னால் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அது மெய்க்காப்பாளர் வேலை இல்லை, ரோந்துப் போலீஸ். ஆனால் நிலைமை அதேதான்: நடைபாதை நிறைய ஆட்கள், சில அடி தூரத்தில் துப்பாக்கியோடு ஒருவன். இரண்டு போலீசார் 16 முறை சுட்டார்கள். அவன் இறந்தான். வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தார்கள், ஒன்பது பேருமே போலீஸ் தோட்டாக்களாலும் தெறித்த துண்டுகளாலும். பயத்தில் நடுங்கும் கைக்கு அந்த நேரத்தில் பயிற்சித் தளத்து அட்டை மனிதன் கிடைப்பதில்லை. எதிரே நிற்பவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமும் கிடைப்பதில்லை. ஆகவே கூட்டத்துக்குள் நிற்கும் காவலரின் துப்பாக்கியும், உயரத்தில் பொறுமையாகப் படுத்திருப்பவரின் துப்பாக்கியும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே அனுமதி கொடுப்பது தவறு.

நான்காவது வழிக்குத் துப்பாக்கியே வேண்டாம். தூரம் போதும். அதன் அருமை தமிழ்நாட்டுக்கு 1991 மே 21 இரவில் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூரில் மாலையோடு நெருங்கிய பெண்ணைச் சுட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? இடுப்பில் கட்டியிருந்த குண்டு வெடிக்காமல் இருந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பணியில் இருந்த பெண் காவல் அதிகாரி ஒருவர் அவளைத் தடுத்தார். தலைவர் பெருந்தன்மையாக, எல்லோரும் வரட்டும் என்று விடச் சொன்னார். ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் காவலர்களும் உண்டு, கட்சிக்காரர்களும் உண்டு, வெறுமனே பார்க்க வந்தவர்களும் உண்டு. அவர் பிரதமர் பதவியை விட்டு இறங்கிய பிறகு சிறப்புப் பாதுகாப்புக் குழுவின் காவல் விலக்கப்பட்டிருந்தது. அவர் இறந்த பிறகுதான் முன்னாள் பிரதமர்களுக்கும் அந்தக் காவலைத் தரும்படி சட்டம் திருத்தப்பட்டது.

தூரத்துக்கும் விலை உண்டு. ஓட்டுக் கேட்க வருகிறவர் கண்ணாடிக்குப் பின்னால் கையசைத்துவிட்டுப் போனால் அது மக்களாட்சிக்கு ஒரு நோய். கான்வாய் போகிற நேரத்தில் மணிக்கணக்கில் நிறுத்தப்படும் சாலைகளில் பிரசவ வேதனையோடு காத்திருக்கும் பெண் இருக்கலாம் என்பதும் உண்மை. இருந்தாலும் மற்ற மூன்று வழிகளோடு ஒப்பிட்டால் இதன் விலை எரிச்சலும் நேரமும்தான், அதையும் ஆம்புலன்சுக்கு வழிவிட்டுக் குறைக்க முடியும். தூரத்தோடு சேர்த்து எண்ண வேண்டிய, யாரும் எண்ணாத ஒன்றும் இருக்கிறது: போகாமல் இருப்பது. காக்கப்படுகிறவர் பயணத்தை ரத்துசெய்யலாம். தன் வருகையால் ஒரு தெருவே ஆபத்துக்கு உள்ளாகும் என்று தெரிந்தும் போகிறவர், அந்த ஆபத்தில் தன் பங்கை மற்றவர்களின் தலையில் இறக்கிவைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நம் சட்டம் இந்த இக்கட்டை 1860-லேயே யோசித்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 44-ஆம் பிரிவு. அதில் கொடுத்திருக்கும் எடுத்துக்காட்டைப் படித்தால் நெஞ்சு திக்கென்கிறது. ஒரு கும்பல் ஒருவனைக் கொல்ல வருகிறது. கும்பலுக்குள் குழந்தைகளும் கலந்திருக்கிறார்கள். சுடாமல் அவனால் தப்ப முடியாது; சுட்டால் குழந்தைகள்மேல் படலாம். அவன் சுட்டு, ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தாலும் அது குற்றமாகாது. பிறர் உடலைக் காக்கும் உரிமையும் தற்காப்பு உரிமையில் அடக்கம் என்பதால், மெய்க்காப்பாளரும் இதன் நிழலில் வந்து நிற்கலாம்.

நான் இந்தப் பிரிவைத் தவறென்று சொல்லவில்லை. மூலையில் மாட்டிக்கொண்ட தனிமனிதனைச் சட்டம் மன்னிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிரிவின் உயிர் ‘வேறு வழியே இல்லாதபோது’ என்ற நிபந்தனையில் இருக்கிறது. கவச வண்டியும் வேகமான இன்ஜினும் முன்கூட்டியே வகுத்த மாற்றுப் பாதையும் உள்ள ஒரு குழுவுக்கு வேறு வழி இல்லை என்ற நிலை எத்தனை முறை வரும்? அந்த எடுத்துக்காட்டில் வருகிறவன் எதற்கும் தயாராக இல்லாமல் மாட்டிக்கொண்டவன். மெய்க்காப்பாளர் தயாராவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். தயாரிப்பில் விட்ட குறையைத் தெருவில் நிற்கிறவரின் உடம்பைக் கொண்டு ஈடுகட்டக் கூடாது.

ஆகவே என் தேர்வு இது. முதலில் தூரம், அது தவறினால் மறைப்பதும் அகற்றுவதும், சுடுவது அதற்கென நிறுத்தப்பட்டவர் மட்டும், ஆயுதத்தைத் தன் கண்ணால் கண்ட பிறகு, அதைப் பிடித்திருப்பவரை மட்டும். முந்திச் சுடும் வழியை எந்த நாட்டிலும், எந்தப் போர்க்களத்து நகரத்திலும் மெய்க்காப்பாளருக்குக் கொடுக்கக் கூடாது என்றே நினைக்கிறேன். ‘பாக்தாதில் அந்தக் கார் உண்மையிலேயே குண்டோடு வந்திருந்தால்?’ என்ற கேள்வி என்னையும் விடவில்லை. அப்படி வந்திருந்தால் காவலர்கள் சிலர் இறந்திருப்பார்கள். கவச வண்டிக்குச் செலவழித்ததே அந்த அடியைத் தாங்கத்தான். காத்திருந்ததால் நேரும் பிழையின் வலி காவல் குழுவின்மேல் விழும். அவசரப்பட்டதால் நேரும் பிழையின் வலி ஒரு தாயின்மேலும் மகன்மேலும் விழுந்தது.

எந்தக் கட்டளையும் பின்னால் கேட்க ஆள் இருந்தால்தான் நிற்கும். ஈராக்கில் 2004-இல் ஆக்கிரமிப்பு நிர்வாகம் பிறப்பித்த 17-ஆம் ஆணை, வெளிநாட்டு ஒப்பந்தக் காவலர்களை உள்ளூர்ச் சட்டத்திலிருந்து விலக்கிவைத்தது. அது 2009 தொடக்கம் வரை நீடித்தது. நிசூர் வழக்கு அமெரிக்க நீதிமன்றத்தில் ஒருமுறை தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் உயிர்பெற்று, 2014-இல்தான் நான்கு காவலர்கள் குற்றவாளிகள் என்ற தீர்ப்பு வந்தது. ஒருவருக்கு ஆயுள், மூவருக்கு 30 ஆண்டு. பிறகு மறுவிசாரணை, தண்டனைக் குறைப்பு. 2020 டிசம்பரில் டிரம்ப் நால்வரையும் மன்னித்துவிட்டார். பாக்தாதிலிருந்து கடல் கடந்து வந்து சாட்சிக்கூண்டில் ஏறிய குடும்பங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. சுட்டால் அந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்ற நிலை இல்லாத இடத்தில், கூலிக்குத் துப்பாக்கி தூக்குகிறவரை அனுப்பவே கூடாது.

இன்னொரு சிறிய காரியம் உண்டு. சட்டம் மாற வேண்டியதில்லை, நாளையே செய்யலாம். நம் ஊரில் பெரிய தலைவர்களின் கான்வாயின் பின்னால் ஓர் ஆம்புலன்ஸ் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தலைவருக்கு ஏதாவது நேர்ந்தால் என்று கூடவே ஓடிக்கொண்டிருக்கும். சுட்டுவிட்டு மறைந்து போவதுதான் காவல் குழுக்களின் பழக்கம். ஆபத்திலிருந்து அகல வேண்டும் என்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் காயம்பட்டவருக்கு எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் உதவி போக வேண்டும் என்று 1990-இல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. நெறிமுறை சட்டக் காவலர்களுக்குச் சொல்கிறது. தலைவர் நலமாகக் கிளம்பிவிட்டால் அந்த ஆம்புலன்ஸ் கான்வாயைத் தொடரக் கூடாது. திரும்பி, தெருவில் விழுந்து கிடப்பவரிடம் போக வேண்டும்.